சர்ச் கன்சோலும் கிளாரிட்டியும்: ஒரு கிரைண்டர் ஸ்பேர்ஸ் கடையிலிருந்து விமர்சனம்

இரண்டுமே காசில்லாமல் கிடைக்கிற கருவிகள். தேடுகிறவர் நம் வெப்சைட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் என்ன செய்தார் என்பதை கூகுள் சர்ச் கன்சோல் சொல்லும். நுழைந்த பிறகு என்ன செய்தார் என்பதை மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி காட்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, தேடல் வரிசையில் ஏன் ஏறினோம், ஏன் இறங்கினோம் என்று துப்பறிவது வீண் வேலை. என் தீர்ப்பு இவ்வளவுதான். அவசரத்தில் இருப்பவர்கள் இரண்டையும் இன்றைக்கே போட்டுவிட்டு இங்கேயே கிளம்பலாம்.

எங்களுடையது கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் ஸ்பேர்ஸ் கடை. பெல்ட், குழவிக்கல், டிரம், வைப்பர், கெபாசிட்டர், மோட்டார் என்று சகலமும் உண்டு. மாமனார் ஆரம்பித்த கடை. கவுன்டரை அவரும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்கிறார்கள், வெப்சைட் என் பொறுப்பு. இந்த ஊரில் கிரைண்டருக்கும் பஞ்சமில்லை, ஸ்பேர்ஸ் கடைக்கும் பஞ்சமில்லை. அதனால் ஆன்லைனில் எங்களுக்கு வருகிற ஆர்டரெல்லாம் வெளியூர்தான். திருநெல்வேலிக்கும் பெங்களூருக்கும் கோயம்புத்தூர் கிரைண்டரை வாங்கிக்கொண்டு போனவர்கள், வருடங்கள் கழித்து பெல்ட் அறுந்ததும் போனை எடுத்துக் கூகுளில் தேடுவார்கள். முதல் பக்கத்தில் இருந்தால் பார்சல் போகும். இரண்டாம் பக்கத்தில் இருந்தால் நாங்கள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

மக்கள் கிளிக் செய்வதற்கும் நம் ரேங்க்குக்கும், அதாவது தேடல் வரிசையில் நம் இடத்துக்கும், சம்பந்தம் உண்டா என்பது இந்தத் துறையில் பல வருடச் சண்டை. 2014இல் ராண்ட் ஃபிஷ்கின் என்கிற தேடல் துறை நிபுணர், ட்விட்டரில் தன்னைப் பின்தொடர்கிறவர்களிடம் ஒரு சொல்லைத் தேடி, ஏழாம் இடத்தில் இருந்த ஒரு பக்கத்தைக் கிளிக் செய்யச் சொன்னார். சில மணி நேரத்தில் அது முதலிடத்துக்கு வந்துவிட்டது. கூகுள்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 2019இல் கூகுளின் கேரி இல்லியஸ், கிளிக் விகிதம் (முடிவைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பது), தங்கும் நேரம் எல்லாம் இட்டுக்கட்டின கதை என்கிற தொனியில் ரெடிட்டில் சூடாகவே பதில் சொன்னார்.

அப்புறம்தான் கூகுள் மீது அமெரிக்க அரசு போட்ட ஏகபோக வழக்கு விசாரணைக்கு வந்தது. 2023 அக்டோபரில் வாஷிங்டன் நீதிமன்றத்தில் கூகுள் தேடல் பிரிவின் துணைத் தலைவர் பாண்டு நாயக் சாட்சி சொன்னபோது, 'நேவ்பூஸ்ட்' என்ற பெயர் எல்லோர் காதிலும் விழுந்தது. எந்தத் தேடலுக்கு எந்த முடிவை மக்கள் கிளிக் செய்தார்கள் என்பதை 13 மாதத்துக்கு நினைவில் வைத்திருக்கிற ஏற்பாடு அது. 2017க்கு முன்னால் 18 மாதம் வைத்திருந்தார்களாம். முக்கியமான சமிக்ஞைகளில் ஒன்று என்று அவரே ஒப்புக்கொண்டார். 2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் கசிந்தன. அவற்றில் 'குட் கிளிக்ஸ்', 'பேட் கிளிக்ஸ்', 'லாஸ்ட் லாங்கஸ்ட் கிளிக்ஸ்' என்றெல்லாம் பெயர்கள் இருந்தன. ஆவணங்கள் அசல்தான், ஆனால் முழு விவரம் தெரியாமல் முடிவு கட்டாதீர்கள் என்றது கூகுள். மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறி பிங் இதில் பரவாயில்லை. தேடுகிறவர்கள் முடிவுகளைக் கிளிக் செய்கிறார்களா, போனதும் சட்டென்று திரும்பி வருகிறார்களா என்று பார்ப்போம் என்பதைத் தன் வழிகாட்டுதலிலேயே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது.

அந்தப் பெயர்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசியானது, அதாவது கடைசியாக நீண்ட நேரம் தங்கின கிளிக். ஒருவர் 'கிரைண்டர் பெல்ட்' என்று தேடுகிறார். முதல் முடிவைத் திறக்கிறார், திரும்பி வருகிறார். இரண்டாவதைத் திறக்கிறார், அதிலிருந்தும் திரும்பி வருகிறார். மூன்றாவதைத் திறந்து அங்கேயே தங்கிவிடுகிறார். பெயரை வைத்துப் பார்த்தால், அந்த மூன்றாவது கடைக்குத்தான் நல்ல மார்க் போகும். கிளிக் வாங்குவதோடு வேலை முடியவில்லை. வந்தவர் நம்மிடமிருந்து கூகுளுக்குத் திரும்பி ஓடாமல் இருக்க வேண்டும்.

சரி, சர்ச் கன்சோலுக்கு வருகிறேன். முன்பு வெப்மாஸ்டர் டூல்ஸ் என்று பெயர், 2015இல் மாற்றினார்கள். நான் அதிகம் உட்காருவது அதன் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில். கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவுகளில் நாம் எத்தனை முறை தென்பட்டோம் என்பது), கிளிக் விகிதம், சராசரி இடம் என்று நான்கு எண்கள், 16 மாதத்துக்குப் பின்னோக்கிப் பார்க்கலாம். போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட இது போதும்.

எண்களைவிட ருசியானது தேடல் சொற்களின் பட்டியல். நாங்கள் 'ஸ்பேர்ஸ்' என்று எழுதி வைத்திருந்தோம், ஜனங்கள் 'கிரைண்டர் சுத்தல', 'கிரைண்டர் கரகரன்னு சத்தம்', 'மாவு வழிச்சு விடற பிளாஸ்டிக்' என்று தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாகச் சொன்னது வைப்பர். அந்தப் பெயரைக் கடைக்காரர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை என்பது கன்சோல் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. 2021இல், பல சொற்களை ஒரே சூத்திரத்தில் பிடிக்கிற ரெகெக்ஸ் வடிகட்டியைச் சேர்த்தார்கள். அதில் 'எப்படி|ஏன்|எது' என்று தமிழிலேயே போட்டால் கேள்வியாகத் தேடினதெல்லாம் தனியாக வந்து நிற்கும். மத்தியானம் கடை ஓய்ந்த நேரத்தில் அதைப் படிப்பது எனக்கு வாரப் பத்திரிகை படிக்கிற மாதிரி.

குறைகளும் உண்டு. திரையில் ஆயிரம் வரிசைக்கு மேல் காட்டாது. மிகச் சிலர் மட்டுமே தேடின சொற்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடும். எங்களைப் போன்ற சின்ன சைட்டில் அப்படி மறைவதே கணிசமாக இருக்கிறது. 'சராசரி இடம்' என்பதை நம்பி யாரிடமும் பந்தயம் கட்டாதீர்கள். சென்னையில் மூன்றாவதாகவும் டெல்லியில் முப்பதாவதாகவும் வந்தால், இரண்டையும் கலந்து ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணில் நீங்கள் எங்குமே இல்லை. 2025 செப்டம்பரில் இன்னொரு கூத்து நடந்தது. ஒரே பக்கத்தில் நூறு முடிவுகளை வரவழைக்கிற வசதியைக் கூகுள் நிறுத்தியது. உடனே நிறைய சைட்களுக்கு இம்ப்ரெஷன் சரிந்தது, சராசரி இடம் மட்டும் பளிச்சென்று ஏறியது. அதுவரை எண்ணிக்கையில் இருந்த பலர் மனிதர்களே இல்லை, ரேங்க் பார்க்கிற மென்பொருள்கள் என்பதுதான் துறையில் பலரின் கணிப்பு. எங்கள் கிராஃபிலும் அந்த வாரம் ஒரு படிக்கட்டு இறங்குகிறது. வியாபாரத்தில் ஒரு பார்சல்கூடக் குறையவில்லை.

என் பெரிய புகார் வேறு. கிளிக் ஆன நொடியோடு கன்சோலின் பார்வை முடிந்துவிடுகிறது. ஒருவர் நம் பக்கத்துக்கு வந்து, முகம் சுளித்துத் திரும்பிப் போய், வேறு வழியில்லாமல் மறுபடி நம் முடிவையே கிளிக் செய்தாலும் அதை ஒரே கிளிக்காகத்தான் எண்ணும். திரும்பி ஓடினவர்களின் கணக்கு கூகுளிடம் இருக்கும், நமக்குக் காட்டாது.

எங்கள் டேபிள் டாப் பெல்ட் பக்கம் இதற்கு நல்ல உதாரணம். பார்ப்பவர்கள் நிறைய, கிளிக் செய்பவர்கள் சொற்பம். தலைப்பு 'தரமான கிரைண்டர் ஸ்பேர்ஸ், மொத்தம் மற்றும் சில்லறை' என்று எந்தக் கடைக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. அதை '2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் பெல்ட்: அளவு பார்த்து வாங்க' என்று மாற்றினேன். கிளிக் விகிதம் நன்றாகவே ஏறியது. இடமும் கொஞ்சம் ஏறியது. அப்புறம் பழையபடி சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் கன்சோலுக்கு வாயில்லை.

கிளாரிட்டியைப் போட்டது அதற்காகத்தான். ஒரு சின்ன ஸ்கிரிப்டை சைட்டில் ஒட்டினால் போதும். வருகிறவர்கள் எங்கே தொடுகிறார்கள், எவ்வளவு தூரம் உருட்டுகிறார்கள் என்பதைப் பக்கத்தின் மேல் வண்ணம் பூசின ஹீட்மேப்பாகவும், ஒவ்வொருவரின் வருகையையும் படம் மாதிரியும் காட்டும். பெட்டிகளில் அடிக்கிற எழுத்தைப் புள்ளிகளாக மறைத்துவிடுகிறது, போன் நம்பர் எதுவும் எனக்குத் தெரியாது. இப்படிப் பதிவாகிறது என்பதை உங்கள் தனியுரிமைப் பக்கத்தில் ஒரு வரி எழுதி வைப்பதுதான் மரியாதை.

கூகுளிலிருந்து வந்தவர்கள், மொபைல், பெல்ட் பக்கம் என்று வடிகட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பதிவை அப்படியே சொல்கிறேன். பக்கம் திறக்கிறது. மேலே வெட் கிரைண்டரின் வரலாறு, பெல்ட்டின் பயன்கள் என்று நீளமான கட்டுரை. நீளமாக எழுதினால்தான் ரேங்க் வரும் என்று முன்பு சைட் செய்து கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. வந்தவர் அதைப் படிக்கவே இல்லை. விர்ரென்று கீழே தள்ளுகிறார். பெல்ட் படம் வந்ததும் விரல் நிற்கிறது. படத்தைத் தொடுகிறார். ஒன்றும் ஆகவில்லை. பெல்ட்டின் முதுகில் எண் அச்சிட்டிருக்கிறதே, அந்த இடத்தைக் குறி பார்த்து மறுபடி தொடுகிறார். மறுபடி, மறுபடி. படம் பெரிதாகவே இல்லை. கொஞ்சம் மேலே போய், கொஞ்சம் கீழே வந்து, பின்னால் போகிற பட்டனை அழுத்திவிட்டார்.

ஒன்றும் நடக்காத இடத்தில் தொடுவதை கிளாரிட்டி 'டெட் கிளிக்' என்கிறது, ஆத்திரத்தில் படபடவென்று தட்டுவதை 'ரேஜ் கிளிக்' என்கிறது, வந்த வேகத்தில் திரும்புவதை 'குவிக் பேக்' என்கிறது. இந்த மனிதர் மூன்றையும் ஒரே வருகையில் செய்து முடித்துவிட்டார். அடுத்தடுத்த பதிவுகளிலும் இதே கதைதான், ஆள் மட்டும் வேறு.

மாமனாரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "கவுன்டர்ல பெல்ட்டைக் கையில வாங்கி, திருப்பி நம்பரைப் பார்ப்பாங்கல்ல அம்மிணி, அதையேதான் இங்கயும் பண்றாங்க. நீங்க எடுத்துக் குடுக்கவே இல்லியே" என்றார்.

கட்டுரையை முழுக்கத் தூக்கினோம். மேலேயே பெல்ட்டின் எண் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் எடுத்த படம், தொட்டால் பெரிதாகும். அதற்குக் கீழே எந்த மாடலுக்கு எந்த எண் என்ற பட்டியல். எண் அழிந்துபோன பெல்ட்டுக்கு நூல் வைத்து அளக்கிற விதத்தை மாமனார் கையாலேயே செய்து காட்டுகிற சின்ன வீடியோ. விலையும் வாட்ஸ்அப் பட்டனும் விரலுக்கு எட்டுகிற இடத்துக்கு வந்தன. குவிக் பேக் குறைவது சீக்கிரமே தெரிந்தது. ரேங்க் உடனே அசையவில்லை, மாதக்கணக்கில் மெதுவாக ஏறி மேலே வந்து நின்றது. கை வைக்காமல் விட்டிருந்த கெபாசிட்டர் பக்கம் அதே காலத்தில் இருந்த இடத்திலேயே கிடந்தது.

இதற்காக, கிளிக்தான் எங்களைத் தூக்கியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அளவுப் பட்டியல் வந்ததும் பக்கத்தின் எழுத்தே தேடலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும். பக்கமும் இலேசாகி வேகமாகத் திறக்கிறது. எல்லாம் ஒன்றாக நடக்கும்போது எது எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க எந்தக் கருவியாலும் ஆகாது. பிரித்துக் கொடுப்பேன் என்கிறவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

இன்னொன்று. குறைந்த நேரம் தங்கினால் கெடுதல் என்று பலர் பயப்படுகிறார்கள். எங்கள் கெபாசிட்டர் பக்கத்துக்கு வருகிற மெக்கானிக்குகள் மைக்ரோஃபாரட் எண்ணைப் பார்ப்பார்கள், வாட்ஸ்அப்பைத் தொடுவார்கள், போய்விடுவார்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, திரும்பிப் போய் வேறு கடையைத் திறக்கப் போவதில்லை. கூகுள் அனலிட்டிக்ஸின் புதிய பதிப்பு பத்து நொடிக்கு மேல் தங்கினாலே ஈடுபாடான வருகை என்று கணக்கு வைக்கிறது. அனலிட்டிக்ஸ் எண்களை ரேங்க்குக்கு எடுப்பதில்லை என்றும் கூகுள் சொல்கிறது. எனவே அங்கே பவுன்ஸ் ரேட்டை (ஈடுபடாமல் போகிற வருகைகளின் விகிதம்) குறைக்க வேண்டுமென்று வாசகரைப் பிடித்து வைக்கிற பாப்-அப், 'மேலும் படிக்க' பட்டன் எல்லாம் தேவையில்லாத வேலை.

இப்போது மூன்றாவது சரக்கு. நேவ்பூஸ்ட் பெயர் வெளியே வந்தபிறகு, மாதச் சந்தாவில் கிளிக் விற்கிறவர்கள் எங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்துவிட்டார்கள். "உங்க கீவேர்டைத் தேடி, உங்க சைட்டைக் கிளிக் பண்ணி, ரெண்டு நிமிஷம் இருந்துட்டு வருவாங்க மேடம்." நான் வாங்கவில்லை. பக்கத்துத் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிற அண்ணன் ஒருவர் வாங்கினார். சந்தேகம் வந்ததும் தன் கன்சோலையும் கிளாரிட்டியையும் எனக்குத் திறந்து காட்டினார். கன்சோலில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் கிளிக் கோபுரம் மாதிரி நின்றது. அக்கம்பக்கச் சொற்கள் எதுவும் அசையவில்லை. நிஜமான ஜனங்கள் அப்படி வரமாட்டார்கள். ஒருவர் 'மோட்டார் காயில்' என்றால் இன்னொருவர் 'மோட்டார் புகை வருது' என்பார். கிளாரிட்டியில் அதைவிட வேடிக்கை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே அளவுத் திரையில், ஒரே வேகத்தில் நூல் பிடித்த மாதிரி கீழே உருட்டி, அடியைத் தொட்டு, மேலே ஏறினார்கள். யாரும் படத்தைத் தொடவில்லை, யாரும் போன் செய்யவில்லை. அண்ணனின் இடம் கொஞ்சம் ஏறி, சந்தாவை நிறுத்தியதும் பழைய இடத்துக்கே வந்தது. கட்டின பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "அல்காரிதம் மாறிடுச்சு சார்" என்று பதில் வந்ததாம்.

இது பலிக்காததற்குக் காரணம் இருக்கிறது. கசிந்த ஆவணங்களில் 'ஸ்குவாஷ்' செய்த கிளிக், செய்யாத கிளிக் என்று பிரித்திருக்கிறார்கள். ஏதோ ஒரு மூலையிலிருந்து குவிகிற எண்ணிக்கை மொத்தக் கணக்கையும் சாய்த்துவிடாதபடி அமுக்குகிற வேலை என்று துறையில் இருப்பவர்கள் இதைப் படிக்கிறார்கள். நேவ்பூஸ்ட் இடவாரியாகவும் மொபைல், கணினி என்றும் பிரித்துப் பார்க்கிறது என்பதும் வழக்கில் வந்த சேதி. திருநெல்வேலி மொபைல்காரர் என்ன செய்கிறார் என்பது தனிக் கணக்கு. வெளிநாட்டு சர்வரிலிருந்து வருகிற ரோபோ அந்தக் கணக்கில் எப்படி ஒட்டும்? போதாததற்கு, தானியங்கியாகத் தேடல்களை அனுப்புவதே கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கு விரோதம். இந்தச் சரக்குக்கு என் மதிப்பெண் பூஜ்ஜியம்.

கிளாரிட்டியிலும் குறை இல்லாமல் இல்லை. பதிவுகளில் பெரும்பாலானவை முப்பது நாள்தான் இருக்கும், அதற்குள் பார்த்துவிட வேண்டும். ரேஜ் கிளிக் என்று சிவப்பாகக் காட்டுவதில் பாதி, கைக்குழந்தை போனைப் பிடுங்கித் தட்டினது மாதிரி இருக்கிறது. பதிவு பார்ப்பது ஒரு போதை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. பக்கத்தை மாற்றாமல் பதிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது சீரியல் பார்ப்பதில்தான் சேர்த்தி. கன்சோலில் எண்கள் இரண்டு மூன்று நாள் தாமதமாகத்தான் முழுசாகச் சேரும், காலையில் தலைப்பை மாற்றிவிட்டு மாலையில் போய்ப் பார்க்காதீர்கள்.

யாருக்கு எது? சைட்டுக்கு ஆளே வரவில்லை என்றால் கிளாரிட்டி இப்போதைக்கு வேண்டாம், கன்சோலின் தேடல் பட்டியலைப் படித்து ஜனங்கள் பேசுகிற சொல்லில் பக்கங்களை எழுதுங்கள். கூகுளுக்குத் தினமும் வருகிற தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்கு முன் யாரும் தேடாதவை என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தத் தேடல்களுக்குப் பழைய கிளிக் கணக்கு என்று எதுவும் இருக்காது, பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும். சின்னக் கடைக்கு அது நல்ல வாசல். ஆள் வந்து, ஆனால் ஆர்டர் வராமல் போனால் அன்றைக்கே கிளாரிட்டியைப் போடுங்கள்.

இப்போது குழவிக்கல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்லின் படத்தை யாரும் தொடுவதில்லை. எடை எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிற வரியில் எல்லா விரலும் நிற்கிறது, பிறகு கூரியர் செலவைத் தேடி மேலும் கீழும் அலைகிறது. பின்கோடு போட்டால் செலவைக் காட்டுகிற பெட்டி ஒன்றைக் கேட்டிருக்கிறேன். கல்லைவிடக் கூரியர் அதிகம் என்று தெரிந்தால் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள் என்கிறார் வீட்டுக்காரர். இப்போது மட்டும் என்ன, நிற்கிறார்களா என்று பதிவைப் போட்டுக் காட்டினேன். பெட்டி அடுத்த வாரம் வருகிறது.